மச்சாளின் மறுப்பு: படுவான்கரைப் பாடசாலைகளில் ஆண்பிள்ளைகளுக்கான சம்மதக் கல்வி

பெண்பிள்ளைகளை மதிக்கும்படி ஆண்பிள்ளைகளிடம் சொல்லும்போது எமது பாடசாலைகளில் முதலில் வருவது “அக்கா தங்கச்சி போல நினை” என்ற அறிவுரை. பலவேளை அதற்குமேல் எதுவும் சொல்லப்படுவதுமில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில், வவுணதீவை மையமாகக் கொண்ட மண்முனை மேற்குப் பிரதேசத்தின் உறவுமுறையை அடிப்படையாக வைத்து, இவ்வறிவுரை போதாது என இக்கட்டுரை வாதிடுகின்றது. ஒரு பெண் ‘வேண்டாம்’ என்றால் அந்தச் சொல்லின் பெறுமதி, அவள் கேட்பவனுக்கு என்ன முறை என்பதைப் பொறுத்து மாறக்கூடாது. சம்மதம் பற்றிய கல்வி இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

குடியும் வீடும்

தாய்வழிக் குடிமுறை படுவான்கரையில் இன்றும் கோயில் உரிமைகளிலும் கலியாணப் பேச்சுக்களிலும் உயிர்ப்போடு இருக்கின்றது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகின்றன. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ வெளியிட்ட, முக்குவர் சமூகத்தின் மரபுச் சட்டம் பற்றிய நூல் முதல், 2008இல் வெளிவந்த டெனிஸ் மக்கில்வ்ரேயின் மானிடவியல் ஆய்வு வரை பலரும் இவ்வமைப்பை விளக்கியுள்ளனர்.

இதனைக் காட்டி, எங்கள் மண்ணில் பெண்ணுக்கு ஏற்கெனவே உயர்வு உண்டு, சமத்துவத்தைப் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை என்போர் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. வீடு தன் பெயரில் இருக்கும் பெண்ணுக்கு, மணவாழ்வு முறிந்தாலும் ஒதுங்க ஓர் இடம் உண்டு. ஆனால் சொத்தின்மீதுள்ள உரிமை, தன் உடலின்மீதும் விருப்பின்மீதும் உள்ள உரிமையாகத் தானாக மாறிவிடாது. தங்கச்சிக்கு வீடு கட்டுவதற்காக மத்திய கிழக்கில் வெயிலில் உழைக்கும் அண்ணன்மார் இங்கே பலர். அவர்களது அன்பு மெய்யானது. அந்த அன்பைப் பார்த்து வளரும் சிறுவனோ, காப்பாற்றுகிறவனுக்கே தீர்மானிக்கும் அதிகாரமும் உண்டு என்று சேர்த்துப் படித்துக்கொள்கிறான். தங்கச்சி எங்கே போகலாம், யாரோடு கதைக்கலாம் என்பதெல்லாம் அவன் கணக்கில் வந்துவிடுகின்றன.

போர்க்காலம் இந்தக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. படைக்குச் சேர்க்கப்படுவதிலிருந்து தப்புவிக்கவென்றே பல குடும்பங்கள் பெண்பிள்ளைகளுக்கு இளவயதில் கலியாணம் செய்துவைத்தன. பிள்ளையைக் காப்பதற்காக எடுத்த முடிவில் அந்தப் பிள்ளையின் விருப்பத்துக்கு இடமிருக்கவில்லை. பெற்றோரைக் குறைகூற இதனை எழுதவில்லை. பாதுகாப்பும் மரியாதையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று எமது வரலாற்றில் குறைவு.

சகோதரியும் மச்சாளும்

எமது உறவுமுறை ஒரு சிறுவனின் வயதையொத்த பெண்களை இரண்டாகப் பிரிக்கின்றது. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் சகோதரிகள். மாமாவின் மகளும் மாமியின் மகளும் மச்சாள்மார். சகோதரியிடம் அடக்கம் வேண்டும்; மச்சாளிடம் பகிடி பண்ணலாம், சீண்டலாம், உரிமை கொண்டாடலாம். அவள் வெட்கப்பட்டால் அது விருப்பம், கோபித்தால் அதுவும் விருப்பம் என்றே வீட்டார் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

இந்நிலையில் “அக்கா தங்கச்சி போல நினை” என்ற அறிவுரை மரியாதையைச் சகோதரி முறைக்குள் அடைத்துவிடுகின்றது. அதைக் கேட்கும் மாணவன், சகோதரி முறை இல்லாத பெண்ணிடம் அந்தக் கட்டுப்பாடு தனக்கில்லை என்று முடிவுசெய்ய அதில் தடையேதும் இல்லை. வயல் வீதியால் சைக்கிளில் பாடசாலைக்குப் போகும் மாணவியை மறித்துச் சேட்டை விடுபவனும் “பகிடிக்குத்தானே” என்கிறான். மச்சாள் முறை தரும் சலுகையை அவன் முன்பின் அறியாதவள்மீதும் எடுத்துக்கொள்கிறான். பகிடியை ஒழிக்க வேண்டியதில்லை. மச்சான் மச்சாள் கேலி எமது வாழ்வின் இனிமைகளில் ஒன்று. இருவரும் சிரிக்கும்வரைதான் அது பகிடி. ஒருத்தி முகம் மாறியபின் தொடர்வது வன்முறையின் தொடக்கம் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உரித்து என்ற எண்ணம்

இந்த உரிமை எண்ணம் எமது ஊரோடு நிற்பதில்லை. பெண்கள்மீதான வன்முறை பற்றி ஆசிய பசிபிக் நாடுகள் ஆறில் ஏறத்தாழ 10,000 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஐக்கிய நாடுகள் ஆய்வில் இலங்கையும் அடங்கியது. இலங்கைப் பகுதிக்கான கள ஆய்வு நடந்த நான்கு மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. பாலியல் வல்லுறவு புரிந்ததை ஏற்றுக்கொண்டோர் ஆறு நாடுகளிலும் அதிகமாகச் சொன்ன காரணம், அது தமக்குரிய உரித்து என்ற எண்ணமே. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதன்முதலில் அதைச் செய்தது பதின்ம வயதில். அந்த எண்ணம் பாடசாலைப் பருவத்திலேயே வேர்விடுகின்றது என்றால், அதனைக் களைய வேண்டிய இடமும் பாடசாலைதான்.

சட்டத்தை அறியாமலிருப்பது ஆண்பிள்ளைகளுக்கும் கேடு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சம்மத வயதை 16 ஆக உயர்த்தியது. சம்மதம் இல்லை என்பதை நிரூபிக்க உடலில் காயம் இருக்கவேண்டியதில்லை என்றும் அது சொல்கின்றது. ஆண்பிள்ளைகள்மீதான பாலியல் துஷ்பிரயோகத்தையும் அதே திருத்தம் பாரதூரமான குற்றமாக்கியது. பதினைந்து வயதுக் காதலியைக் கூட்டிக்கொண்டு ஓடும் இளைஞன், அவள் விரும்பித்தான் வந்தாள் என்று நீதிமன்றில் சொல்வதால் குற்றத்திலிருந்து விடுபடமுடியாது. இதை அவன் வழக்கு வந்தபின் அறிவதைவிட வகுப்பறையில் அறிவது நல்லது.

கற்பிக்கும் வழி

சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இனப்பெருக்கம் பற்றிய அலகு உண்டு. “வீட்டில் வாசியுங்கோ” என்று அதைக் கடந்துபோகும் ஆசிரியர்கள் உளர். கூச்சம் இயல்பானது, அதற்கான பயிற்சியை ஆசிரியருக்குக் கொடுக்காததே குறை. பாடசாலையில் சமத்துவத்தைப் படிப்பிப்பது பயன்தருமா என்ற ஐயத்துக்கு இந்தியாவின் ஹரியானா மாநிலம் விடை தந்துள்ளது. 314 அரசுப் பாடசாலைகளை எடுத்து, அவற்றுள் குலுக்கல் முறையில் தெரிவான 150இல் ஆண், பெண் இருபாலாருக்கும் இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து பாலினச் சமத்துவ வகுப்புகள் நடத்தினர். 2022இல் வெளியான அதன் ஆய்வு, மாணவரின் மனப்பாங்கு மாறியதையும், ஆண்பிள்ளைகள் வீட்டுவேலைகளில் கூடுதலாகப் பங்கெடுத்ததையும் காட்டியது. ஒருநாள் கருத்தரங்கும் பதாதையும் இதைத் தரமாட்டா. நேரசூசியில் நிலையான இடம் வேண்டும்.

அதற்கான கருவிகள் எம்மிடமே உள்ளன. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் இரு சேரியாகப் பிரிகின்றது. தென்சேரி கண்ணகி பக்கம், வடசேரி கோவலன் பக்கம். தரம் 9 வகுப்பை இவ்வாறே பிரித்து, கோவலன் கண்ணகிக்குச் செய்தது என்ன, சிலம்பைக் கொடுக்கும்போது அவளுக்கு மறுக்க இடமிருந்ததா என்று வாதிட வைக்கலாம். வைகாசியில் கண்ணகியைக் குளிர்த்தி பாடித் தெய்வமாக வணங்குவதும், பக்கத்து வாங்கிலிருப்பவளின் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பதும் வேறு வேறு என்பதை மாணவர் அங்கே தாமாகவே கண்டடைவர். மரபைத் தொட்டால் ஊர் எதிர்க்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கத்தில், பெண்களைக் கூத்துகள் சித்திரிக்கும் விதத்தை ஊரவர்களே விவாதித்து மாற்றினர்.

சம்மதம் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்பது பெற்றோரின் அச்சம். நாம் பேசாவிட்டால் கைத்தொலைபேசி பேசும். அதில் வரும் காணொளிகளில் மறுப்புக்கு இடமே இல்லை. பெற்றோரை முதலில் அழைத்து, பாடத்தை அவர்கள்முன் வைத்துப் பேசினால் அச்சத்தின் பெரும்பகுதி விலகும்.

மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயம் செய்யவேண்டியவை மூன்று: தரம் 7 முதல் 10 வரை இப்பாடத்துக்கு மாதந்தோறும் பாடவேளை ஒதுக்குதல், ஆண் ஆசிரியர்களைத் தெரிந்து பயிற்றுதல் (ஆண்பிள்ளை இதை ஓர் ஆணின் வாயிலிருந்தும் கேட்க வேண்டும்), தண்ணீர் அள்ளுவது முதல் கோப்பை கழுவுவது வரை வீட்டுவேலையைப் பாடத்தின் செயன்முறையாக்குதல். தங்கச்சியின் வேலைப் பாரத்தைத் தன் கையால் அறிந்தவனுக்குச் சமத்துவம் வெறும் சொல்லாக இராது. மச்சாளின் மறுப்பையும் மறுப்பாகவே ஏற்க அவன் கற்றுவிட்டால், அறியாத பெண்ணின் மறுப்பை மதிக்க அவனுக்கு வேறு உறவுமுறை எதுவும் தேவைப்படாது.