குப்பைக் கடிதத்தைப் பிரித்தறியும் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள தொழிற்பேட்டைகளில், பெரிய கார் ஆலைகளைச் சுற்றிச் சிறிய உதிரிபாகத் தொழிற்கூடங்கள் பல இயங்குகின்றன. இவற்றின் கடிதப் போக்குவரத்து இன்று பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் நடக்கிறது. விலைப்புள்ளி கேட்டு வந்த கடிதம் ஒன்று, யார் கண்ணிலும் படாமல் கணிப்பொறியின் குப்பைப் பெட்டியில் மூன்று நாள் கிடந்துவிட்டால் என்ன ஆகும்? கெடு கடந்துவிடும், வேலை வேறொருவருக்குப் போய்விடும். அந்தக் கடிதத்தை அங்கே தள்ளியது யார்? இதற்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1978 மே 3 அன்று, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி தூர்க், தம் நிறுவனத்தின் புதிய கணிப்பொறிகளை விளம்பரப்படுத்த, ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். பலத்த கண்டனம் எழுந்தது. ஆனாலும் வழி திறந்துவிட்டது. தபாலில் ஒவ்வொரு கடிதத்துக்கும் காசு கொடுத்தாக வேண்டும். மின்னஞ்சலிலோ 400 கடிதங்களுக்கும் 4 லட்சம் கடிதங்களுக்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. நோயின் மூலம் இதுவே.

முதலில் வந்த வடிகட்டிகள் விதிகளால் ஆனவை. 'இலவசம்' என்ற சொல் இருந்தால் தள்ளு என்பது போன்ற விதிகள் அவை. அனுப்புவோர் எழுத்தை மாற்றி எழுதித் தப்பினர். நல்ல கடிதங்களோ மாட்டிக்கொண்டன.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார்கள் வெளிவந்த அதே 1998-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மெஹ்ரான் சஹாமியும் அவருடைய சகாக்கள் மூவரும் வேறொரு வழியை எடுத்துரைத்தனர். 1761-இல் மறைந்த ஆங்கிலப் பாதிரியார் தாமஸ் பேயஸின் நிகழ்தகவுக் கணிதமே அதன் அடிப்படை. உதாரணமாக, 100 குப்பைக் கடிதங்களில் 40-இலும், 100 நல்ல கடிதங்களில் 2-இலும் 'பரிசு' என்ற சொல் வருவதாகக் கொள்வோம். அச்சொல் உள்ள 42 கடிதங்களில் 40 குப்பை. அதாவது சுமார் 95 சதவீதம். இவ்வாறு பல சொற்களின் மதிப்பைச் சேர்த்துக் கடிதத்தை எடைபோடலாம்.

2002-இல் பால் கிரகாம் இம்முறையை எளிமையாக விளக்கி எழுதினார். நல்ல கடிதங்களில் வரும் சொற்களின் எண்ணிக்கையை அவர் இரட்டிப்பாக்கிக் கணக்கிட்டார். காரணம் தெளிவானது: குப்பை ஒன்று உள்ளே வந்தால் ஒரு நொடி வீண், நல்ல கடிதம் ஒன்று தொலைந்தால் ஒரு வேலையே வீண். 2003-இல் மொசில்லா மென்பொருளில் இவ்வகை வடிகட்டி இடம்பெற்றது. பின்னர் வந்த தண்டர்பேர்டும் அதையே பெற்றது.

இந்த வடிகட்டி நாம் கற்பித்தால்தான் கற்கும். ஆனால் கற்பிக்கும் இடங்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. தண்டர்பேர்டில் ஒவ்வொரு கணக்குக்கும் உரிய விருப்பங்கள் கணக்கு அமைப்புகளில் இருக்கின்றன. பொதுவானவை தனியுரிமைப் பகுதியில் இருக்கின்றன. விண்டோஸ் கணிப்பொறியில் மேலுள்ள பட்டியல் மறைந்திருந்தால் 'ஆல்ட்' விசையை அழுத்தினால் தோன்றும். முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களின் கடிதத்தைக் குப்பையெனக் குறிக்காதே என்னும் விருப்பம் அங்கே உண்டு. ஆகவே வாடிக்கையாளர் முகவரிகளைப் பதிந்து வைப்பது பயன் தரும். குறிப்பிட்ட நாள்களுக்குப்பின் குப்பையைத் தானே அழிக்கும் விருப்பமும் உண்டு. அதை யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அஞ்சல் சேவை நிறுவனத்தின் கணிப்பொறியிலும் ஒரு வடிகட்டி உள்ளது. 'பாப்' முறையில் கடிதங்களை இறக்குவோருக்கு அங்குள்ள குப்பைப் பெட்டி மேசைக் கணிப்பொறியில் தெரியாது. இணையத்தில் நுழைந்துதான் பார்க்க வேண்டும்.

ஆகவே, கடிதத்தைத் தள்ளியது கணக்கு. அக்கணக்குக்குப் பாடம் சொல்ல வேண்டியவர்கள் நாம். தவறாகத் தள்ளப்பட்ட கடிதத்தைக் கண்டதும், படித்துவிட்டு அப்படியே விட்டுவிடாமல், 'இது குப்பையன்று' என்று ஒருமுறை குறித்துவைப்போம். அடுத்த கொள்முதல் ஆணை உரிய இடத்துக்கு வந்து சேர அது உதவும்.