ஒளிப்படத்தின் உரிமை: கூலிக்குப் பெற்ற படம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒருவர் கூலி கொடுத்துத் தம்மைப் படம்பிடிக்கச் செய்கின்றார். படத்தின் பிரதி அவர் கைக்கு வருகின்றது. மூலத்தகடு படப்பிடிப்பாளரிடமே தங்கிவிடுகின்றது. பின்னர் அப்படத்தை நூலிலோ பத்திரிகையிலோ விளம்பரத்திலோ வெளியிடும் உரிமை யாருக்குரியது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குச் சட்டம் ஏறத்தாழ 160 ஆண்டுகளாக வெவ்வேறு விடைகளை அளித்து வந்துள்ளது. அவ்விடைகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இலங்கைக்கு வந்து சேர்ந்தன, அவற்றாற் காக்கப்பட்டோர் யாவர், காக்கப்படாது விடப்பட்டோர் யாவர் என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்ட நுணுக்கங்கள் அனைத்தையும் ஆராய்தல் எமது கருத்தன்று.

1839 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் பாரிஸில் டாகுவேரின் முறை பகிரங்கப்படுத்தப்பட்டபோது இவ்வினா எழவில்லை. வெள்ளி பூசிய செப்புத்தகட்டிலே தோன்றிய அப்படம் ஒன்றேயாகும். அதிலிருந்து பிரதி எடுத்தல் இயலாது. தகட்டைப் பெற்றவர் படத்தையும் பெற்றவரானார். 1851 இல் ஆச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே நிலைமையை மாற்றியது. கண்ணாடித் தகடு ஒன்றிலிருந்து எண்ணிறந்த பிரதிகளை அச்சிடலாமென்றாயிற்று. 1860 இல் மேயோல் என்பவர் விக்ரோறியா மகாராணியின் குடும்பத்தைச் சிற்றட்டைப் படங்களாக வெளியிட்டதும் பிரபலமானோரின் முகங்கள் கடைச்சரக்காயின. பொருளும் அதன் பயனும் இவ்வாறு பிரிந்த பின்னரே உரிமை பற்றிய சிக்கல் உருவாயிற்று.

பிரித்தானிய நாடாளுமன்றம் 1862 இல் இயற்றிய நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டம் ஓவியத்தோடும் வரைபடத்தோடும் ஒளிப்படத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதன்மேல் 7 ஆண்டுகளும் உரிமை நிலைக்குமென அது விதித்தது. ஆயின் கைம்மாறு பெற்றுப் பிறருக்காக எடுக்கப்பட்ட படத்தின் உரிமை, எழுத்திலே வேறுவிதமாக ஒப்பந்தஞ் செய்யப்பட்டாலன்றி, எடுப்பித்தவருக்கே உரியதெனவும் கூறியது. பணங் கொடுத்தவரே உரிமையாளர் என்னும் கோட்பாடு இங்கே வேரூன்றியது. எனினும் உரிமையை நிலைநாட்ட வழக்காட விரும்புவோர் முதலில் இலண்டன் ஸ்ரேசனர்ஸ் மண்டபத்திலே படத்தைப் பதிவு செய்திருத்தல் வேண்டும். குடும்பப் படத்தைப் பதிவு செய்ய எவர் நினைப்பர்?

இவ்விதியின் மறுபக்கத்தைத் தொழிலாளர் நன்கறிந்திருந்தனர். நடிகரையும் அரசியல்வாதியையும் கூலி பெறாது படம்பிடித்தால் உரிமை படப்பிடிப்பாளரிடமே எஞ்சும். பிரதிகளை விற்றுப் பொருளீட்டலாம். அக்காலத்து இலவசப் படப்பிடிப்பிற் பெருந்தன்மையைவிடக் கணக்கே மிகுதி எனலாம். பதிவின் பயனை முழுமையாக உணர்ந்தவருள் ஒருவர் யூலியா மார்கிறட் கமரன். 1863 இன் இறுதியிலே தமது 48 ஆவது வயதில் படக்கருவியைப் பெற்ற அவ்வம்மையார் 1864 முதல் 1875 வரை 500க்கு மேற்பட்ட படங்களைப் பதிவு செய்தார். அவருக்கும் இலங்கைக்குமுள்ள தொடர்பைப் பின்னர் நோக்குவோம்.

1888 டிசெம்பரில் நீதிபதி நோத் தீர்ப்பளித்த பொலாட் எதிர் படப்பிடிப்புக் கம்பனி என்னும் வழக்கு இவ்வரலாற்றிலே தனிக்கவனத்துக்குரியது. ரொச்செஸ்ரர் நகரிலே கடை வைத்திருந்த கம்பனி ஒன்றிடம் பெண்மணி ஒருவர் பணங் கொடுத்துத் தம்மைப் படம்பிடிப்பித்துப் பிரதிகளும் பெற்றுச் சென்றார். சிறிது காலத்தின்பின் அவரது உருவம் இலைக்கொடிகளால் அலங்கரிக்கப்பட்டு கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையாகக் கடைச் சாளரத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டது. அவரிடம் எவரும் கேட்கவில்லை. படம் பதிவு செய்யப்படாமையால் 1862 ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. தகடு தமது உடைமை எனவும், முகச்சாயலில் எவருக்கும் சொத்துரிமை இல்லையெனவும் கம்பனியின் தரப்பு வாதிட்டது.

அவ்வாதம் வலுவற்றதன்று. தெருவிலே கண்ட முகத்தை நினைவிலிருந்து ஓவியர் ஒருவர் வரைந்தால் அதனைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆயினும் நீதிபதி சொத்து என்ற நோக்கிலிருந்து விலகி, உறவு என்ற நோக்கிலே வழக்கை அணுகினார். வாடிக்கையாளர் படப்பிடிப்பாளர்முன் அமர்வது தமக்குப் பிரதிகள் பெறுதற்பொருட்டே. அந்நோக்கத்துக்காகவே தம் உருவத்தை மீள ஆக்கும் வல்லமையை அவரிடம் ஒப்படைக்கின்றார். வேறு தேவைக்கு அத்தகட்டைப் பயன்படுத்துவது ஒப்பந்தத்தில் உட்கிடையான நிபந்தனையை மீறுவதாகும். நம்பிக்கைத் துரோகமுமாகும் என அவர் கொண்டார். தடையுத்தரவு வழங்கப்பட்டது. இரண்டாண்டுகளின் பின், 1890 இல், அமெரிக்காவில் வாரனும் பிரண்டைசும் தனிமை உரிமை பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இவ்வழக்கை எடுத்தாண்டமை குறிப்பிடத்தக்கது. தகடு ஒருவருடையதாகவும் பயன்பாடு மற்றொருவரால் வரையறுக்கப்படுவதாகவும் இருக்கலாம் என்னும் தெளிவு இத்தீர்ப்பால் வந்தது.

இனி இலங்கையை நோக்குவோம். தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில், 1868 இல், தொல்பொருட் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. கண்டியிலே தொழில் நடத்திய யோசப் லோட்டன் அக்குழுவின் பணிப்பின்பேரில் 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம், மிகிந்தலை, பொலநறுவை, சிகிரியா ஆகிய இடங்களைப் படம்பிடித்தார். ஈரக் கொலோடியன் தகட்டை அவ்விடத்திலேயே பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். இருட்டுக் கூடாரத்தையும் இரசாயனங்களையும் கண்ணாடிகளையும் காட்டுவழியே சுமந்து சென்று செய்த வேலை அது. 1872 இல் லோட்டன் காலமானார். இன்று எமது தொல்லியல் மாணவர் பலர் அப்படங்களைப் பார்க்கின்றனர்; அவற்றின் உரிமை அக்காலத்தில் யாருக்கிருந்தது என எண்ணுவோர் சிலரே. 1862 ஆம் ஆண்டு விதி இங்கு செல்லுமாயின் பணித்த அரசாங்கமே உரிமையாளராகும். ஆனால் அச்சட்டத்தின் பாதுகாப்பு குடியேற்ற நாடுகளுக்குப் பரவாதென்பதைக் கனடாவிலிருந்து சென்ற மேன்முறையீடொன்றில் 1903 இல் கோமறைக் கழகம் உறுதி செய்தது. ஆகவே இலங்கையில் எடுத்த படத்தைக் காக்க அச்சட்டம் இலங்கையிலே உதவியிராது.

கமரன் அம்மையார் 1875 இல் தம் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவர் சாள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களால் எமக்கு அறிமுகமானவரே. 1879 இல் மறையும்வரை களுத்துறையிலும் மலைநாட்டிலும் அம்மையார் எடுத்த படங்களிற் சிலவே எஞ்சியுள்ளன. இங்கிலாந்திலே ரெனிசனையும் டார்வினையும் பெயரோடு பதிவு செய்தவரது இலங்கைப் படங்களில் உள்ளூர் மக்கள் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே நிற்கின்றனர். ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்பது போன்ற தலைப்புக்களே அவர்களுக்குக் கிடைத்தன. கொழும்பு, கண்டி நிலையங்கள் பயணிகளுக்கு விற்ற படங்களிலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் இவ்வாறே வகைமாதிரிகளாகக் காட்சியளிக்கின்றனர். கூலி கொடுத்து எடுப்பித்தவராயின் 1862 ஆம் ஆண்டு விதி பேசும். நம்பி அமர்ந்த வாடிக்கையாளராயின் நோத்தின் தீர்ப்புப் பேசும். கொழுந்துக் கூடையோடு நிறுத்திவைக்கப்பட்ட பெண்ணோ இவ்விரு வகையினுள்ளும் அடங்காள். இக்குறை எமது பாடநூல்களிலே அப்படங்களைப் பெயரின்றி மறுபடியும் அச்சிடும்போதெல்லாம் தொடர்கின்றது என்பதே எமது எண்ணம்.

1911 ஆம் ஆண்டின் ஏகாதிபத்தியப் பதிப்புரிமைச் சட்டமும் அதனையொட்டி இங்கு வந்த 1912 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பதிவு முறையை நீக்கின. ஒளிப்படத்துக்கு மூலத்தகடு ஆக்கப்பட்டதிலிருந்து 50 ஆண்டுகள் உரிமை வழங்கப்பட்டது. கூலிக்கு எடுப்பித்தவரே முதல் உரிமையாளர் என்ற விதி நிலைபெற்றது. இதன் விளைவு சுவையானது. 1925 இல் யாழ்ப்பாணத்திலே தந்தையொருவர் பணங் கொடுத்து மகளின் திருமணத்தைப் படம்பிடிப்பித்திருப்பின், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, 1975 வரை அவ்வுரிமை அவர் வழியினரதே. ஆனால் தகடு நிலையத்திலே இருந்தது. மறுபிரதி வேண்டின் அட்டையிலுள்ள இலக்கத்தைச் சொல்லி நிலையத்துக்கே செல்லவேண்டும். சட்டம் ஒருவரைச் சுட்டியது. வழக்கம் மற்றவரைச் சுட்டியது. மக்கள் வழக்கத்தையே அறிந்திருந்தனர்.

பிற்காலத்தில் நாடுகள் வழிபிரிந்தன. இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் பழைய விதியைப் பேணிற்று. பிரித்தானியா 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனைக் கைவிட்டு, உரிமையைப் படப்பிடிப்பாளருக்கே அளித்தது. எனினும் தனிப்பட்ட, குடும்பத் தேவைக்காக எடுப்பித்த படத்தைப் பொதுமக்களிடையே பரப்பாதிருக்கச் செய்யும் உரிமையை எடுப்பித்தவருக்கு ஒதுக்கியது. நூறாண்டுக்கு முந்திய அட்டையின் நிழலை இவ்வேற்பாட்டிலே காணலாம். இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின்வந்த 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரையே பொருளாதார உரிமைகளின் முதல் உரிமையாளராகக் கொள்கின்றது. ஊழியர் தம் கடமையின்போது படைத்ததை, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாவிடின், தொழில்கொள்வோருக்கு உரியதாக்குகின்றது. ஒருநாட் கூலிக்கு அமர்த்தப்பட்ட படப்பிடிப்பாளர் ஊழியரல்லர். ஆகவே பணங் கொடுத்தமையால் மட்டும் அனைத்தும் எமதாயிற்று என எண்ணும் பழைய பழக்கம் இன்று ஏமாற்றத்தையே தரும்.

விழாவுக்கோ ஆய்வுக்கோ படப்பிடிப்பாளரை அமர்த்துவோர் பிரதிகளின் தொகையையும் விலையையும் மட்டும் பேசி முடிப்பதே வழமை. படத்தை மலரில் வெளியிடலாமா, பின்னர் நூலில் மீள அச்சிடலாமா, படப்பிடிப்பாளர் அதனைத் தம் விளம்பரத்துக்குக் காட்டலாமா, மூலக் கோப்புகள் யாரிடம் எத்தனை காலம் இருக்கும், அவர் பெயர் எங்கே குறிக்கப்படும் என்பன பேசப்படுவதில்லை. இரு பக்கத் தாளில் அடங்கும் விடயங்கள் இவை. பேசாதுவிட்டதன் சுமையைப் பின்வரும் ஆய்வாளரே சுமக்கின்றார்.

எமக்கு நேர்ந்ததொன்றைக் கூறலாம். தொகுப்பு நூலொன்றுக்காகப் பழைய குடும்பப் படமொன்றை நாடினோம். அக்குடும்பத்தார் மங்கிய பிரதியைத் தந்து, உரிமை தமதென்றனர். தகட்டை வைத்திருந்த நிலைய உரிமையாளரின் பேரனோ உரிமை தமதென்றார். படமெடுத்த ஆண்டைப் பிரதியின் பின்புறத்திலிருந்த மைக்குறிப்பால் அறிந்தோம். 50 ஆண்டுகள் எப்போதோ கழிந்திருந்தன. இருவரிடமும் எழுத்திலே இசைவு பெற்றோம். பேரன் பெட்டியைத் திறந்தபோது எமக்கு வேண்டிய தகடு இரண்டாக உடைந்திருந்தது. நூலில் அச்சானது குடும்பத்தார் தந்த மங்கிய பிரதியே.