கழகம் யாருடையது?

ஊர்த் திருவிழா முடிந்து தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின், "இந்தத் தேர் யாருடையது?" என்று ஒருவர் கேட்டால் விடை கூறுவது எளிதன்று. கணக்கைப் பார்ப்பவர் தருமகர்த்தா. செலவை ஏற்பவர் உபயதாரர். வெயிலில் நின்று வடம் பிடிப்பவரோ ஊரார். மூவரும் ஒத்துப்போகும் வரையில் இக்கேள்வி எழுவதில்லை. பிணக்கு நேரும்போதுதான் உரிமை எவருடையது என்ற ஆராய்ச்சி பிறக்கிறது. கல்கத்தாவின் பெருங் கால்பந்துக் கழகங்களான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரண்டிலும் இந்த நூற்றாண்டில் இத்தகைய பிணக்கு நேர்ந்தது.

அந்நகரின் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் நம்மவர், இவ்விரு கழகங்களும் மோதும் நாளின் இயல்பை அறிவார்கள். அன்று ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும். மோகன் பகான் வென்றால் இறால், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலீஷ் மீன் என்று சமையலறை வரையில் அப்பிரிவினை செல்லும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு சொல் வியப்பளித்தது. ஆட்டத்தில் ஈடுபாடு கொண்டவரை நாம் 'ரசிகர்' என்கிறோம். வங்காளியரோ 'சமர்த்தக்' என்கின்றனர். முன்னது சுவைப்பவரைக் குறிப்பது. பின்னது தாங்கி நிற்பவரைக் குறிப்பது. சுவை குன்றினால் ரசிகர் எழுந்து போய்விடலாம். தாங்கி நிற்பவர் அவ்வாறு போக முடியுமா? நான் சொல்லப்போகும் வரலாற்றின் கரு இச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

மோகன் பகான் 1889ஆம் ஆண்டில் தோன்றியது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவினரை 2-1 என்ற கணக்கில் அது வென்றது. ஒருவர் நீங்கலாக ஏனைய பதின்மரும் வெறுங்காலுடன் ஆடி, பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயரை வீழ்த்தியதனால், அவ்வெற்றி நாட்டு விடுதலை உணர்ச்சியோடு இணைந்துவிட்டது. அன்று முதல் அப்பெயர் வெறும் கழகத்தின் பெயராக இல்லை.

ஈஸ்ட் பெங்காலின் பிறப்போ ஒரு கண்டனத்தினின்றும் விளைந்தது. 1920ஆம் ஆண்டு ஜூலையில் ஜோராபகான் என்னும் கழகம் மோகன் பகானை எதிர்த்து ஆடியபோது, கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரர் அணியினின்றும் விலக்கப்பட்டார். அவரைச் சேர்க்குமாறு கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி வேண்டினார். அவர் சொல் எடுபடவில்லை. வெளியேறிய அவர் நண்பர்கள் சிலருடன் கூடி, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளில் புதுக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்து, தாம் பிறந்த நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அக்கழகத்தின் சின்னம் தீப்பந்தம். அதற்கும் ஒரு கண்டனமே காரணமாகச் சொல்லப்படுகிறது. 1930இல் சட்டமறுப்பு இயக்கம் உச்சத்தில் இருந்தபோது லீக் ஆட்டங்கள் இடையில் நிறுத்தப்பட்டன. முதற் பிரிவுக்கு உயர வேண்டிய ஈஸ்ட் பெங்காலின் வாய்ப்பு மறுக்கப்படவே, கழகத்தினரும் ஆதரவாளரும் கையில் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் சென்றனர். 1947இல் நாடு பிரிந்தபின் வீடும் நிலமும் இழந்து கல்கத்தா வந்த மக்களுக்கு, தம் மண்ணின் பெயரைத் தாங்கிய இக்கழகமே ஆறுதலாயிற்று. அக்காலத்தில் அதன் முன்வரிசையில் ஆடி, 'பஞ்ச பாண்டவர்' எனப் புகழப்பெற்ற ஐவரும் தென்னாட்டவரே. காக்கிநாடாவின் அப்பாராவ், கோட்டயத்தின் சாலே, பெங்களூரின் அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ் ஆகியோர் அவர். 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அக்கழகம் ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. புலம் பெயர்ந்தோரின் கழகத்துக்குப் புலம் பெயர்ந்து சென்றவரே பெருமை சேர்த்தனர் என்பது நம்மவர் நினைவிற்கொள்ளத் தக்கது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. பெருஞ் செல்வர்களின் நிறுவனங்கள் அணிகளை நடத்தின. சந்தா, நுழைவுச் சீட்டு, நன்கொடை ஆகியவற்றைக் கொண்டு வளர்ந்த பழங் கழகங்கள் அச்செலவுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. 2020 ஜனவரியில் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் நூற்றுக்கு 80 பங்கை ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் பெற்றது. அக்குழுமத்தின் பழைய அணியான ஏ.டி.கே.யின் பெயர் முன்னொட்டாக, 'ஏ.டி.கே. மோகன் பகான்' என்ற பெயர் பிறந்தது. பச்சையும் மெரூனும் கலந்த சட்டையும் படகுச் சின்னமும் மாறவில்லை. ஆயினும் அந்த மூன்றெழுத்து ஆதரவாளர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "ஏ.டி.கே.யை நீக்குக" என்ற பதாகைகள் எழுந்தன, ஊர்வலங்கள் நடந்தன. 2023 மார்ச் 18ஆம் நாள் கோவாவில் அணி லீக் கோப்பையை வென்றது. அன்றே, அடுத்த பருவம் முதல் அம்முன்னொட்டு இராது என்று உரிமையாளர் அறிவித்தார். 'மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்' என்பது புதுப் பெயராயிற்று.

ஈஸ்ட் பெங்காலின் கதை இதனினும் சிக்கலானது. 2018இல் வந்த பெங்களூர் நிறுவனம் ஒன்று 2020இல் விலகியது. அவ்வாண்டு செப்டம்பரில், மாநில முதலமைச்சரின் முயற்சியால் ஸ்ரீ சிமென்ட் நிறுவனம் முன்வந்தது. பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அணியும் சூப்பர் லீகில் இடம்பெற்றது. ஆனால் இறுதி ஒப்பந்தம் வந்தபோது, உறுப்பினரின் உரிமைகள் பறிபோகும் என்று கூறிக் கழக நிர்வாகிகள் கையெழுத்திட மறுத்தனர். கையெழுத்தின்றிப் பணமில்லை என்றது நிறுவனம். மாதங்கள் கழிந்தன.

2021 ஜூலை 21ஆம் நாள் மைதானத்தில் உள்ள கழகக் கூடாரத்தின் முன் ஆதரவாளர் பெருந்திரளாகக் கூடினர். "கையெழுத்திடுக, அன்றேல் பதவி விலகுக" என்றனர் ஒரு சாரார். நிர்வாகிகள் பக்கம் நின்றனர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் அணிந்திருந்தது ஒரே சிவப்பும் பொன்னிறமும் கலந்த சட்டை. கைகலப்பு மூண்டது; போலீசார் தடியடி நடத்தினர்; பலர் காயமுற்றனர்; பலர் கைதாயினர். கண்டனத்தில் பிறந்த கழகத்தின் வாயிலில், நூற்றோராவது ஆண்டு நிறைவதற்குப் பத்து நாட்கள் இருக்கையில் இது நிகழ்ந்தது.

இவ்விரு சாராரில் எவரையும் அறியாதவர் என்று தள்ளிவிட இயலாது. பணமின்றி அணி இல்லை என்றவர் கூற்றிலும் உண்மை உண்டு. உரிமையை விற்றபின் கழகம் இல்லை என்றவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆகஸ்டு இறுதியில் முதலமைச்சர் மீண்டும் தலையிட, அணி மட்டும் அவ்வாண்டு ஆடியது. இருபது ஆட்டங்களில் ஒன்றில்தான் வெற்றி. பதினோர் அணிகளில் கடைசி இடம். 2022இல் அந்நிறுவனம் விலக, இமாமி நிறுவனம் வந்தது. 2024 ஜனவரி 28ஆம் நாள் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பையை வென்றபோதுதான் பன்னிரண்டு ஆண்டுகளாக அகில இந்தியப் பட்டம் காணாத ஏக்கம் தீர்ந்தது.

இக்கண்டனங்களால் விளைந்த பயன் யாது? மோகன் பகானில் பெயர் மீண்டது, பங்கு மீளவில்லை. ஈஸ்ட் பெங்காலில் உபயதாரர் மாறினார். நிர்வாகத்தில் ஆதரவாளர் குரலுக்கு இடம் கிட்டவில்லை. கூடாரத்தின் முன் நின்றவர் பலரும் கழகத்தின் உறுப்பினர் அல்லர். அவர்களுக்கு வாக்கும் இல்லை. ஜெர்மனியில் 1998 முதல், நிறுவனமாக மாறிய அணியிலும் வாக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, சில விலக்குகள் நீங்கலாக, உறுப்பினர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்ற விதி உண்டு. அங்கு ஆதரவாளர் எளிய சந்தா செலுத்தி உறுப்பினராகின்றனர். வடம் பிடிப்போருக்கும் சபையில் இடமளிக்க வழி உண்டு என்பதை இது காட்டுகிறது.

பங்குப் பத்திரம் நிறுவனத்தினிடம் இருக்கலாம். சாவி நிர்வாகிகளிடம் இருக்கலாம். ஆயினும் வடத்தைத் தொட ஆளில்லாத அன்று தேர் நிலையிலேயே நிற்கும். நிற்கும் தேரை எவருடையது என்று எவரும் கேட்கப்போவதில்லை.