கசம் என்று நினைத்த இருமல்

நம்ம பக்கத்தில் யாராவது ஒரு மாதத்துக்கு மேல் இருமினால் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். ஒன்று, "சூடடித்த தூசு". மற்றது, மெல்லிய குரலில், "கசமாக்கும்". எண்பது வருஷத்துக்கு முதல் பெரிய பெரிய வைத்தியர்களும் கிட்டத்தட்ட இதே இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில்தான் நின்றார்கள். அந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

1940இல், ஆந்திராவின் மதனபள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ஆரோக்கியவரம் காசநோய் வைத்தியசாலையில் இருந்து பிரிமொட்-மோலர், பார்ட்டன் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில நோயாளிகளுக்கு விடாத இருமல். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளிகள். பார்த்தால் அசல் கசம். ஆனால் சளியில் கசக் கிருமி இல்லை. குருதியில் இயோசினோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் மட்டும் அளவுக்கு மிஞ்சி இருந்தன. 1943இல் வெயின்கார்ட்டன் என்ற வைத்தியர் இதே நோயை 81 பேரில் விவரித்து, 'வெப்பவலய இயோசினோபிலியா' என்று பெயரும் வைத்தார். மேகநோயும் சேர்ந்திருந்த ஒருவருக்கு ஆர்சனிக் ஊசி போட்டபோது இருமலும் சேர்ந்து நின்றதை அவர் தற்செயலாகக் கண்டார். மருந்து கிடைத்துவிட்டது, காரணம் கிடைக்கவில்லை.

இங்கேதான் இலங்கை வருகிறது. மலேரியா நுளம்புகளை இங்கே நீண்டகாலம் ஆராய்ந்த கார்ட்டரும் அவருடைய சகாக்களும் 1944இல், இப்படி இருமுகிறவர்களின் சளியில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளைக் கண்டார்கள். சேமித்து வைத்த தானியத்திலும் தூசியிலும் வாழும் வகையைச் சேர்ந்தவை. மறுவருஷம் சொய்சா, ஜயவர்தன இருவரும் பிரித்தானிய மருத்துவ இதழில், முட்டு வருத்தத்துக்கும் இவை காரணமாகலாம் என்று எழுதினார்கள். ஆர்சனிக் கொடுத்தால் நோயும் குறைந்தது. நமது 'தூசுத் தீர்ப்பு' அறிவியலாகவே ஆகிவிட்டது போல இருந்தது!

ஆனால் ஆர்சனிக் பைலேரியாப் புழுவையும் தாக்கும். யானைக்கால் நோயைத் தருகிற, நுளம்பு பரப்புகிற அதே புழு. மருந்து கேட்டது என்பதால் நாம் நினைத்த காரணம் சரியாகிவிடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1958இல் சிங்கப்பூரில் டி.ஜே. தனராஜ், பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதியானவர், பைலேரியாவுக்கான டைஎதில்கார்பமசீன் மருந்து இந்த இருமலை நிறுத்துவதைக் காட்டினார். அதே வருஷம் பக்லி என்பவர், விலங்குகளில் வாழும் பைலேரியாப் புழுக்களை ஒரு தன்னார்வலருக்கு ஏற்றினார்; அவருக்கு இதே நோய் வந்தது. 1960இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெப், ஜோப், கோல்ட் மூவரும் நோயாளிகளின் நுரையீரல் திசுவிலேயே நுண்புழுக்களைக் கண்டார்கள். இவர்களின் உடல் நுண்புழுக்களை மிதமிஞ்சி எதிர்த்து, அவற்றை நுரையீரலில் வைத்தே மடக்குகிறது. அதனால்தான் குருதியில் தேடியவர்களுக்குப் புழு கிடைக்கவில்லை. இருமல் மட்டும் இரவில், குறிப்பாக விடியப்புறம், ஆளைத் தூங்கவிடாது.

இலங்கையில் பைலேரியா தடுப்பு இயக்கம் 1947இல் தொடங்கியது. நோய் நிலைகொண்டிருந்தவை கொழும்பு, காலி, குருநாகல், புத்தளம் உட்பட எட்டு மாவட்டங்கள். அம்பாறை அதில் இல்லை. 2002 முதல் 2006 வரை அந்த மாவட்டங்களில் வருஷம் ஒருமுறை எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

ஆகவே இன்று நம் ஊரில் இருமுகிறவருக்கு இந்தப் புழு இருப்பது அபூர்வம். கசம் அபூர்வமில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அரச வைத்தியசாலையில் சளிப் பரிசோதனை இலவசம். கசம் இல்லை என்று வந்தும் இருமல் நிற்காவிட்டால், குருதியில் இயோசினோபில் எவ்வளவு என்று வைத்தியரிடம் கேளுங்கள். கொழும்பிலோ இந்தியாவிலோ கனகாலம் இருந்து வந்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.