குதிரைக்குப் பின்னால் நின்ற செம்மறி

திருவெள்ளறை என்றால் எல்லோரும் பெருமாள் கோயிலையும் பல்லவர் காலத்து ஸ்வஸ்திகக் கிணற்றையும் பற்றித்தான் எழுதுவார்கள். நான் ஆட்டுக்காலைப் பற்றி எழுதப் போகிறேன். பி.காம். படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவின் பட்டியில் ஒரு குட்டி பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. குளம்பு மடங்கி, அதன் மேல்பக்கம் தரையில் தேய்ந்தது. "காய்ச்சல்னு தொடையில ஊசி போட்டாங்கடா, மறுநாள்லேர்ந்து இப்படித்தான்" என்றார் தாத்தா. திருச்சி கருப்பு இனம். (நிறம் கருப்பு, பெயர் மட்டும் செம்மறி!)

ஊசி குத்தியது சியாட்டிக் நரம்பை. நம் வீட்டுப் பெரியவர்களைப் படுத்தும் சியாட்டிகா வலிக்குப் பெயர் கொடுத்த அதே நரம்புதான். முதுகெலும்பின் கடைசிப் பகுதியில் வேர்விட்டு, இடுப்பெலும்பைத் தாண்டி, தொடையின் பின்பக்கமாக இறங்கி இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளை கெட்டால் குளம்பைத் தூக்கி வைக்க முடியாது. குட்டிக்குத் தொடைச்சதை மெலிசு, ஊசி சுலபமாக எட்டிவிடும். இதேபோல ஆப்டுரேட்டர் என்ற இன்னொரு நரம்பு இடுப்பெலும்பின் உள்பக்கத்தை ஒட்டி ஓடுகிறது. பெரிய குட்டியை ஈனும்போது அது நசுங்கினால் தாயாட்டின் பின்கால்கள் அகன்று போகும்.

சரி, இந்த வரைபடத்தை எப்போது போட்டார்கள்? அங்கேதான் வரலாறு வேடிக்கையாகிறது.

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை பிரான்சின் லியோன் நகரில் க்ளோத் பூர்ஷெலா நிறுவ 1761ல் அனுமதி கிடைத்தது. அவர் குதிரையேற்ற ஆசிரியர். இந்தியாவிலும் 1862ல் புனேயில் வந்தது ராணுவக் கால்நடைப் பள்ளி. ராணுவம் என்றால் குதிரை. சென்னைக் கல்லூரி 1903ல்தான். 1910ல் செப்டிமஸ் சிஸ்ஸன் எழுதிய பிரபலமான உடற்கூறு நூலிலும் குதிரைதான் அளவுகோல். மாடு, ஆடு எல்லாம் "குதிரையிலிருந்து எங்கே வேறுபடுகிறது" என்கிற பாணியில் வரும்.

வேறுபாடு சின்னதும் இல்லை. குதிரையின் திரிக எலும்பு பொதுவாக 5 கணுக்கள் சேர்ந்தது, செம்மறிக்கு 4. அதற்கு மேலே இடுப்புப் பகுதியில் குதிரைக்கு வழக்கமாக 6 கணு, செம்மறிக்கு 6 அல்லது 7. நரம்புகள் கிளம்புவதே இந்தக் கணுக்களின் இடுக்கிலிருந்துதான்!

1964ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மாட்டை மையமாக வைத்து ஒரு உடற்கூறு நூல் வெளியிட்டது. அப்பாடா என்று பார்த்தால், ஒப்பிட எடுத்தவை குதிரை, நாய், கோழி. செம்மறிக்கு அங்கேயும் இடமில்லை!

கம்பளி விற்கும் நாடுகளுக்குத்தான் அந்தக் கவலை வந்தது. 1950களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் செம்மறிக்கென்றே மே என்பவர் எழுதிய அறுவைக் கையேட்டை வெளியிட்டது. செம்மறியின் இடுப்பு-திரிக நரம்புப் பின்னலைத் தனியாக ஆராய்ந்து 1970களின் தொடக்கத்தில் நியூசிலாந்து இதழில் எழுதியவர்கள் கோஷாலும் கெட்டியும். கோஷால், பெயரிலேயே வங்காளம்! ஆனால் வேலை பார்த்தது அமெரிக்காவின் அயோவாவில். 1975ல் சிஸ்ஸன் நூலின் புதிய பதிப்பில் அசைபோடும் விலங்குகளுக்குத் தனிப் பகுதியே கிடைத்தது.

லாபம் எங்கேயோ அங்கேதான் கணக்குப் புத்தகமும் திறக்கும். இது மட்டும் எங்கள் பாடத்திலும் உண்டு.

அந்தக் குட்டி இரண்டு மாதம் கழித்து ஓரளவு ஊன்றியது, லேசாக நொண்டும். இப்போது ஊசியோடு யார் வந்தாலும் தாத்தா தொடையை மறைத்துக்கொண்டு கழுத்தைத்தான் காட்டுகிறார்.