தாயம்மாவின் கத்தியும் மெடிக்கல் மாத்திரையும்

ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும்வரை தமிழகத் திருநங்கைகளுக்குத் தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கைதான் கதி. மயக்க மருந்தின்றி அவர் கத்தியால் ஆணுறுப்பை அகற்றும் ‘நிர்வாணம்’, பிழைத்தவர்களுக்கு மறுபிறப்பு. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி நீராட்டிச் சடங்கு செய்வார்கள். இரத்தம் நிற்காமல் இறந்தவர்களை யார் கணக்கு வைத்தார்கள்?

பிறகு மாத்திரை வந்தது.

1938இல் பெர்லினில் உருவான எத்தினைல் ஈஸ்ட்ரடயால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன், கருத்தடை மாத்திரையில் சேர்ந்து, மாலா-டி பட்டையாகச் சிற்றூர் மெடிக்கல் வரை இறங்கியது. டாக்டரிடம் சொல்லக் கூசிய திருநங்கைகள், சீக்கிரம் மாற வேண்டும் என்ற தவிப்பில் அதை அளவின்றி விழுங்கினார்கள். உடம்போ அவசரத்துக்கு மசியாது. மார்பு அரும்ப 3 முதல் 6 மாதம், முழுதாக வளர 2, 3 ஆண்டு பிடிக்கும். தோல் மென்மையாகும், இடுப்பில் சதை போடும், தசைவலு குறையும். உடைந்த குரல் மாறாது, தாடியும் முற்றாகப் போகாது. பிள்ளை பெறும் திறன் நிரந்தரமாகவே போய்விடலாம்.

அளவு கூடினால் கூடுவது இரத்தம் உறையும் ஆபத்துதான். நெதர்லாந்து மருத்துவர்களின் 1989ஆம் ஆண்டு ஆய்வில் அது ஹார்மோன் எடுத்த திருநங்கைகளுக்குப் பொதுமக்களைவிட 45 மடங்காக இருந்தது. எத்தினைல் ஈஸ்ட்ரடயாலே முக்கியக் காரணம் என்று பின்னர் தெளிந்து, அதைக் கைவிட்டார்கள்.

தமிழகம் 2008இல் நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவை சிகிச்சையும் வந்தது. 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஹார்மோன் சிகிச்சைக்கு வசதி செய்வதை அரசின் கடமையாக்கியது. அந்த வசதி சென்னை, மதுரையோடு நிற்காமல் திருக்காட்டுப்பள்ளி போன்ற சிற்றூர்க்காரருக்கும் எட்ட வேண்டும். அதுவரை, இரத்தப் பரிசோதனை செய்யாமல் யாரும் மாத்திரையைத் தொட வேண்டாம்.