ஒரே இணைப்பில் குரலும் தரவும்: பகிர்வுமுறைகளின் வரலாற்று வளர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

தொலைபேசி உரையாடலும் அலுவலகக் கணினிப் பிணையத்தின் தரவும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொண்ட வரலாறு, பெரும்பாலும் கொள்ளளவு பெருகிய வரலாறாகவே சொல்லப்படுகிறது. அதன் மையச் சிக்கல் கொள்ளளவு மட்டுமன்று, காத்திருப்புமாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: குரல், தரவு, பொதி, தாமதம், முன்னுரிமை.

முன்னுரை

குரலும் தரவும் வேறுபட்ட தேவைகளை உடையன. ஒரு கோப்பு அரை நொடி தாமதித்து வந்தாலும் அதன் பயன் குன்றுவதில்லை. ஆனால் அதில் ஒரு பிட்டும் பிழைபடலாகாது. குரலிலோ சிறு துணுக்குகள் விடுபட்டாலும் பொருள் விளங்கும்; தாமதம் மிகுந்தால் உரையாடலே குலையும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது பெரும்பாலான பயன்பாடுகளுக்கு ஏற்றது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இவ்விரு தேவைகளையும் ஒரே இணைப்பில் நிறைவேற்ற எடுக்கப்பட்ட முயற்சிகள் கீழே ஆராயப்படுகின்றன.

நிலையான பங்கீடு

1962இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் டி1 முறையைப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தது. நொடிக்கு 1.544 மெகாபிட் கடத்தும் அவ்விணைப்பு, 64 கிலோபிட் அளவிலான 24 தடங்களாகப் பகுக்கப்பட்டது. பிற்காலத்தில் அலுவலகங்கள் இத்தடங்களுள் சிலவற்றைத் தம் தொலைபேசி இணைப்பகத்திற்கும் எஞ்சியவற்றைக் கணினிகளுக்கும் ஒதுக்கின. இம்முறையில் குரலுக்குக் காத்திருப்பு இல்லை. எனினும், எவரும் பேசாத இரவிலும் குரலுக்குரிய தடங்களைத் தரவு பயன்படுத்த இயலாது.

சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் குழுவினர் 1990களில் பிற நிறுவனங்களுடன் இணைந்து உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லா முறை, இப்பங்கீட்டை நெகிழ்வாக்கியது. அதில் இணைய இணைப்பு நொடிக்கு 70 கிலோபிட் வரை கிடைத்தது; தொலைபேசி அழைப்பும் உடன் நிகழ்ந்தால் அது 35 கிலோபிட்டாகக் குறைந்தது. தேவை எழும்போது மட்டும் குரல் தன் பங்கைப் பெற்றது.

பொதிவழிக் குரல்

1974இல் அர்ப்பாநெட் வழியே குரலைப் பொதிகளாக உடனுக்குடன் கடத்தும் சோதனைகள் வெற்றி பெற்றன. இதற்கெனத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தகவல் அறிவியல் நிறுவனத்தின் டேனி கோஹன் வகுத்த நெறிமுறை, 1977இல் ஆர்.எஃப்.சி. 741 என வெளியாயிற்று. தொலைந்த பொதியை மீண்டும் கேட்டுப் பெறும் ஒழுங்கு கோப்பிற்கு நன்மை. குரலுக்கோ அது தாமதமே. இவ்வுண்மை, டி.சி.பி.யிலிருந்து ஐ.பி. தனியே பிரிக்கப்பட்டதற்கும் யு.டி.பி. தோன்றியதற்கும் உரிய காரணங்களுள் ஒன்றாக அமைந்தது.

ஏ.டி.எம். சமரசம்

1980களின் இறுதியில் உருவான ஏ.டி.எம். முறையில் ஒவ்வொரு சிற்றறையும் 53 பைட் அளவினது. அதில் தலைப்பகுதி 5 பைட், உள்ளடக்கம் 48 பைட். தரவிற்கு ஏற்ற 64 பைட்டை அமெரிக்கத் தரப்பும், குரலுக்கு ஏற்ற 32 பைட்டை ஐரோப்பியத் தரப்பும் கோரின. 64 கிலோபிட் குரலால் 64 பைட்டை நிரப்ப 8 மில்லிநொடி ஆகும். 32 பைட்டிற்கு 4 மில்லிநொடி போதும். இரண்டிற்கும் இடைப்பட்ட 48, குரலும் தரவும் செய்துகொண்ட உடன்பாட்டின் எண்வடிவம் எனலாம்.

குறுகிய இணைப்பின் கணக்கு

1990களில் கிளை அலுவலகங்களை 64 கிலோபிட் குத்தகை இணைப்புகள் தலைமை அலுவலகத்துடன் இணைத்தன. ஜி.729 முறையில் 20 மில்லிநொடிக் குரல் 20 பைட்டாகச் சுருங்கும். அதன்மேல் ஐ.பி., யு.டி.பி., ஆர்.டி.பி. ஆகியவற்றின் தலைப்பகுதிகள் 40 பைட் சேரும். ஆகவே 8 கிலோபிட் குரல் 24 கிலோபிட்டை விழுங்கியது. 1999இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2508 அந்த 40 பைட்டை 2 முதல் 4 பைட்டாகச் சுருக்க வழி கண்டது.

இதனால் கொள்ளளவுச் சிக்கல் தணிந்தது, காத்திருப்பு தணியவில்லை. 1500 பைட் தரவுப் பொதி ஒன்று 64 கிலோபிட் இணைப்பைக் கடக்க 187.5 மில்லிநொடி ஆகும். குரலுக்கு முன்னுரிமை அளித்தாலும், ஏற்கெனவே புறப்பட்ட பொதி முழுவதும் கடக்கும்வரை குரல் நிற்கவே வேண்டும். 150 மில்லிநொடி வரம்பை அந்த ஒரு பொதியே மீறிவிடும். எனவே பெரிய பொதிகளைத் துண்டாக்கி, அவற்றினிடையே குரலைச் செருகும் முறை வகுக்கப்பட்டது. 80 பைட் துண்டு ஒன்று அதே இணைப்பை 10 மில்லிநொடியில் கடக்கும்.

கொள்ளளவு பெருகியபோது துண்டாக்கும் தேவை மறைந்தது. 2 மெகாபிட் இணைப்பில் 1500 பைட் பொதி 6 மில்லிநொடியில் கடந்துவிடும். ஆயினும் அத்தகைய 100 பொதிகள் முன்னே நின்றால், காத்திருப்பு 600 மில்லிநொடி ஆகும். ஆகவே முன்னுரிமை இன்றியமையாததாகவே நீடித்தது. 1998இல் வகுக்கப்பட்ட வேறுபடுத்தப்பட்ட சேவை முறை, ஒவ்வொரு பொதியின் தலைப்பகுதியிலும் அதன் தகுதியைக் குறிக்க 6 பிட்டுகளை ஒதுக்கியது. குரலுக்கு எல்லையற்ற முன்னுரிமை அளித்தால் தரவு முற்றிலும் நின்றுபோகும் என்பதால், அதன் அளவிற்கும் வரம்பு தேவைப்பட்டது.

முடிவுரை

தடப் பங்கீடு, சிற்றறை, துண்டாக்கம், முன்னுரிமைக் குறி ஆகிய அனைத்தும் ‘யார் காத்திருப்பது?’ என்னும் ஒரே வினாவிற்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகள். தொடக்கத்தில் அவ்விடை கம்பியின் பகுப்பிலேயே நிலையாகப் பதிந்திருந்தது. பின்னர் அது ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனியே எடுக்கப்படும் முடிவாயிற்று. எனவே இவ்வரலாற்றை வேகத்தின் வளர்ச்சியாக மட்டும் எழுதுவது குறையுடையது. காத்திருப்பைப் பங்கிட்ட வரலாறாகவும் அது எழுதப்படுதல் வேண்டும்.